நேர்த்திக்கடன் புரவி: பிடிமண் கொடுத்துச் செய்வதா, கடையில் வாங்குவதா?

ஐயனாருக்குப் புரவி எடுப்பதாக, அதாவது மண்குதிரை செய்து ஊர்வலமாகத் தூக்கிப்போய்க் கோயிலில் நிறுத்துவதாக, நேர்ந்துகொண்டவர்களுக்குச் செட்டிநாட்டில் இன்று மூன்று வழி இருக்கிறது. கோயிலுக்குப் பாத்தியப்பட்ட வேளாரிடம் (மண் வனையும் குயவர்) பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி ஊர்மண், கொடுத்துச் செய்யச் சொல்லலாம். சாலையோர மண்பாண்டக் கடையில் சுட்டு அடுக்கி வைத்திருப்பதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். இரண்டும் வேண்டாம் என்றால் கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, கோயில் வாசலில் ஒரு குதிரையை ஒரேயடியாக நிறுத்திவிடலாம். எங்கே ஆர்டர் கொடுப்பது, எது உழைக்கும் என்று வெளியூரிலிருந்து கேட்கிறவர்கள் அதிகம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு, பிள்ளை பிறந்தால் புரவி எடுக்கிறேன் என்று நேர்ந்துவிட்டவர்கள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். எங்கள் ஓட்டு பிடிமண்ணுக்குத்தான். வேலைப்பாடு அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாம் வாய்நிறையச் சொல்லும் ‘நேர்த்திக்கடன்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இந்தச் சேவைக்கு மதிப்பெண் போடமுடியாது. ‘நேர்’ என்ற வினைக்குப் பழந்தமிழில் உடன்படுவது, கொடுப்பது, எதிர்ப்படுவது என்று பல பொருள் உண்டு. அகப்பாடல்களின் துறைக்குறிப்புகளில் ‘வாயில் மறுத்தல்’ என்றால் தலைவன் அனுப்பிய தூதைத் தலைவி திருப்பி அனுப்புவது. ‘வாயில் நேர்தல்’ என்றால் அவள் சம்மதிப்பது. சாமியிடம் நேர்வதும் இதே வினைதான். ஒருவர் கேட்க, மற்றவர் இசைய, இரு தரப்பும் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படுவது. ஊர்ப்பேச்சில் ‘நேந்துக்கிட்டேன்’. கோயிலுக்கென்று ஒதுக்கிவிட்ட கிடாய் ‘நேந்துவிட்ட கிடா’. அதை விற்கவும் கூடாது, வீட்டு விருந்துக்கு வெட்டவும் கூடாது. தென்மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் ‘நேர்ச்சை’ என்கிறார்கள். மலையாளத்தில் அது ‘நேர்ச்ச’. மதம் மாறினாலும் வினை மாறவில்லை. ‘பிரார்த்தனை’ வடமொழியிலிருந்து வந்தது, அதற்குக் கேட்பது என்று பொருள். ‘வேண்டுதல்’ தமிழ்தான், அதிலும் கேட்பதோடு சரி. ‘நேர்த்தி’யில் மட்டும்தான் கேட்டதற்கு ஈடாக நாம் ஒன்றை ஒப்புக்கொண்டதும் சேர்ந்திருக்கிறது.

‘கடன்’ என்பதில்தான் பலருக்குக் குழப்பம். வட்டியும் பேரேடும் ஐந்தொகையும் புழங்கிய சீமை இது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டிய பணம் என்றே மனம் போகும். ஆனால் பழைய பொருள் முறை, கடமை. ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்ற புறநானூற்று வரியில் கொல்லன் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. அது அவன் செய்தே ஆகவேண்டிய வேலை. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று அப்பர் பாடியதும் அந்தப் பொருளில்தான். காலைக்கடனுக்கு யாரும் வட்டி கட்டுவதில்லையே. ஆகவே நேர்த்திக்கடன் என்பது ஒப்புக்கொண்டதைச் செய்து முடிப்பது. சாமி கடன் கொடுத்தார், தவணை தவறினால் கேட்டு வருவார் என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்லின் பின்பாதியைத் தப்பாகப் படித்தவர்கள்.

இப்போது பிடிமண்ணுக்கு வருவோம். திருவிழாவுக்கு நாள் குறித்ததும், ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்ணையோ கண்மாய் மண்ணையோ ஒரு கைப்பிடி எடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், முன்பணத்தோடு வேளார் கையில் கொடுப்பார்கள். “வேளாரே, மண்ணைப் பிடிங்க. ஊர்ப் புரவி ரெண்டு, நேத்திப் புரவி பதினாலு, மதலை ஒம்பது” என்று ஊர்த்தலைவரான அம்பலம் எண்ணிக்கை சொல்வார். வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்குவார். ரசீது கிடையாது. ஆனால் அந்த மண் கைமாறிவிட்டால் இரண்டு பக்கமும் பின்வாங்கமுடியாது. ‘நேர்தல்’ என்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் இந்த அரை நிமிடத்தைப் பார்த்தால் போதும். ஊர்ப் பொதுவில் முதலாவதாகச் செய்வதைச் சில ஊர்களில் ‘அரண்மனைப் புரவி’ என்பார்கள். தனித்தனிக் குடும்பங்களின் புரவிகள் அதன் பின்னால்தான் வரும். மதலை என்பது பிள்ளை வரத்துக்கு நேர்ந்த மண்குழந்தை. சந்தையில் ‘குதிரை’ என்று சொல்லும் அதே வாய், இங்கே வந்தால் ‘புரவி’ என்று இலக்கியச் சொல்லுக்கு மாறிக்கொள்வதையும் கவனிக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் தடுமாறும் முதல் இடமும் இதுதான். உங்கள் குலதெய்வக் கோயிலுக்குச் செய்யும் உரிமை குறிப்பிட்ட வேளார் குடும்பத்துக்கு இருக்கும். நமணசமுத்திரத்தில் வரிசை வரிசையாக நிற்பது பிடித்திருக்கிறது, இளங்குடிப்பட்டியில் இருக்கும் மாதிரி வேண்டும் என்று படம் பிடித்துக்கொண்டு வேறு ஊர்ப் பட்டறைக்குப் போனால், பாதி வேலையில் உரிமைப் பேச்சு கிளம்பும். முதலில் கோயில் பூசாரியிடமோ அம்பலத்திடமோ யார் வேளார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கோயில்களில் பூசாரியே வேளார்தான்.

காலக்கணக்கு அடுத்தது. திருவிழாவுக்கு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாளாவது முன்னால் பிடிமண் கொடுத்துவிட வேண்டும். இருபது நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிற பட்டறையை நம்பாதீர்கள். மூன்றடிப் புரவிக்கு அது பத்தாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிரம்பும். தண்ணீர் இறங்கி, மாசி, பங்குனியில்தான் களிமண் வெட்ட வாகான பதத்துக்கு வரும். புரவி எடுப்புகள் பெரும்பாலும் வைகாசி தொடங்கி ஆடி வரை நடப்பதற்கு இந்த மண்கணக்கும் ஒரு காரணம். கண்மாயில் மண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும். அதை வேளார் வாங்கிவிட்டாரா என்று பிடிமண் நாளிலேயே கேட்டு வைப்பது நல்லது. தாமதத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணில் என்ன பார்ப்பது? வெறும் களிமண் காயும்போது சுருங்கிப் பிளக்கும். அதனால் மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் கலந்து மிதிப்பார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமியும் வைக்கோலும் சூளையில் எரிந்து நுண்ணிய துளைகளை விட்டுப்போகும். அதன் வழியே ஆவி வெளியேறும். இத்தனைக்கு இத்தனை என்று எழுதி வைக்கமுடியாது, கண்மாய்க்குக் கண்மாய் மண் மாறும். சரிபார்க்க ஒரு சின்ன வழி உண்டு: கலந்த மண்ணில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை தட்டி நிழலில் காயவையுங்கள். ஒன்பதுக்குக் கீழே சுருங்கினால் இன்னும் மணல் வேண்டும். அதே மண்ணைப் பென்சில் கனத்தில் உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். சுற்றும்போதே வெடித்தால் மணல் கூடிவிட்டது. நல்ல வேளார் இதையெல்லாம் கட்டைவிரலால் அமுக்கியே சொல்லிவிடுவார். ஆனால் மண்ணை ஆட்களை விட்டு மிதிக்கவைக்கும் பெரிய பட்டறைகளில் இந்தச் சோதனை வீண்போகாது.

மண்ணில் கிடக்கும் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக்கல் துண்டுதான் பெரிய எதிரி. மிளகு அளவு துண்டு ஒன்று உடம்பில் இருந்தாலும் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். புரவியை வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதிப் பெருக்கும். நாலைந்து நாள் கழித்து, வண்ணமெல்லாம் அடித்த பிறகு, மார்பில் ஒரு காசளவு சில்லு பெயர்ந்து விழும். உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், சுக்கான்தான். மண்ணைக் கரைத்துச் சலித்திருந்தால் இது வராது. சலிப்பு ஒரு நாள் வேலை, எல்லாரும் செய்வதில்லை.

கட்டுமானம் கால்களிலிருந்து தொடங்கும். நாலு காலும் உள்ளே கூடான உருளைகள். சக்கரத்தில் வனைவார்கள், பெரியதென்றால் மண்திரி சுற்றி எழுப்புவார்கள். கால்கள் பாரம் தாங்கும் அளவு இறுகவேண்டும், ஆனால் மேல்விளிம்பு ஈரமாகவே இருக்கவேண்டும். அதற்காக விளிம்பில் நனைத்த சாக்கைச் சுற்றி வைத்திருப்பார்கள். பிறகுதான் வயிறு, மார்பு, கழுத்து. தலை, காது, வால், கழுத்து மணி, சேணம் எல்லாம் தனியாகச் செய்து ஒட்டுபவை. ஒட்டும் இடத்தை இரண்டு பக்கமும் கீறிவிட்டு, மண்குழம்பு தடவி அழுத்தவேண்டும். கீறாமல் குழம்பை மட்டும் தடவி ஒட்டிய காது சூளையில் நிற்காது. ஒட்டவந்த தலை ஈரமாகவும் கழுத்து காய்ந்தும் இருந்தால், தலை அதிகம் சுருங்கி, கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல ஒரு விரிசல் ஓடும். மேலே மண் அப்பி அதை மறைக்கலாம், சூட்டில் திரும்பத் திறந்துகொள்ளும். வயிற்றின் அடியில் கைபோகும் அளவு ஒரு துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது இல்லாத புரவியை வாங்கவே வேண்டாம். உள்ளே அடைபட்ட ஆவிக்கு வேறு வழி கிடையாது.

காயவைப்பதில்தான் அவசரம் புகுந்து எல்லாவற்றையும் கெடுக்கிறது. முதல் பத்து நாள் நிழல், பிறகு நாலைந்து நாள் வெயில். தடிமன் ஓரங்குலத்துக்கு மேல் போனால் இன்னும் கூடும். மேலே வெளுத்துத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். புறங்கையைக் குதிரையின் வயிற்றில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. “உள்ளீரம் போகாம நெருப்பு வைக்கமாட்டேன், கோவிச்சுக்காதீங்க” என்று சொல்கிற வேளாரிடம் கோபப்படாதீர்கள். நூறு டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி, காலையோ மார்பையோ பட்டாசுபோல வெடிக்கவைத்துவிடும். பக்கத்தில் நிற்கும் புரவியும் அந்தச் சில்லில் அடிவாங்கும். சூளையில் ஒன்று வெடித்தால் அதை ‘சாமி ஏற்கவில்லை’ என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஈரம் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

சூளை: சிறியவற்றை அடுக்கி, பெரியவற்றை நின்ற இடத்திலேயே சுற்றி மூடி, விறகு, வறட்டி, வைக்கோல் போட்டு மேலே சேறு மெழுகுவார்கள். சூடு அறுநூறு, எழுநூறு டிகிரியை எட்டினால்தான் மண் திரும்பக் கரையாத ஓடாக மாறும். முதல் சில மணி நேரம் வெறும் புகைச்சூடு, அப்புறம்தான் தழல். ஆறவிடுவதும் சுடுவது மாதிரியே முக்கியம். ஐந்நூற்றெழுபது டிகிரி பக்கம் இறங்கும்போது மணலில் உள்ள படிகக்கல் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து காற்றுப் பட்டால் நீளவாக்கில் மயிரிழை விரிசல் விழும். மறுநாள் காலை வரை தொடக்கூடாது. உடம்பில் கருப்புத் திட்டு இருந்தால் குறை சொல்லாதீர்கள். காற்றுப்படாமல் புகை தங்கிய இடம் அது. பலத்துக்குக் கேடில்லை, வெள்ளையடித்தால் மறையும்.

கையில் வாங்கும் நாளில் இரண்டு சோதனை போதும். விரல் முட்டியால் வயிற்றைத் தட்டுங்கள். கணீரென்றால் சரி. டொக்கென்றால் விரிசலோ வேகாத மண்ணோ உள்ளே இருக்கிறது. எது என்று தெரிய, ஈர விரலால் அடிப்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள்; விரலில் சேறு ஒட்டினால் வேகவில்லை. வேகாத புரவி வண்ணத்துக்குள் நன்றாகத்தான் இருக்கும். கோயிலில் நிறுத்திய முதல் மழையில் காலடி கரைந்து சாய்ந்துவிடும். சூளையிலிருந்து எடுத்த பின் ஒரு வாரம் விட்டு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள், சுக்கான் இருந்தால் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். வண்ணத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையும் காவியுமே எங்கள் பரிந்துரை. எனாமல் பளபளக்கும்தான், ஆனால் மண் மூச்சுவிட வழியில்லாமல் அடுத்த வெயிலில் தோலாக உரியும். கண்ணை மட்டும் எழுதக்கூடாது. அது புரவிகளைக் கூட்டி நிறுத்தும் திடலான புரவிப் பொட்டலில், எடுப்பு அன்று, வேளார் செய்யவேண்டிய கண்திறப்பு. முன்கூட்டியே கண் எழுதித் தருகிற பட்டறை முறை தெரியாத பட்டறை.

தூக்குவதில் நடக்கும் சேதத்துக்கு வேளாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூன்றடிப் புரவியை இருவர் தூக்கலாம். ஐந்தடிக்கு ஆறு பேராவது வேண்டும், தோள் மாற்ற இன்னும் நாலு பேர். மூங்கிலை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, படும் இடமெல்லாம் வைக்கோல் பிரி சுற்றிக் கட்டவேண்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து கையோடு வந்துவிடும், ஒட்டிய இடம்தானே. எடுப்பு முடிந்து சிலர் புரவியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். நேர்ந்துவிட்ட கிடாவை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவோமா?

சாலையோரக் கடைப் புரவிக்கு இரண்டு வரி போதும். விலை குறைவு, சுட்டது கண்ணெதிரே இருக்கிறது, தட்டிப்பார்த்து வாங்கலாம். தோட்டத்துக்கும் ஓட்டல் முகப்புக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அது நீங்கள் நேர்வதற்கு முன்பே வெந்து முடிந்த குதிரை. யாரும் யாரிடமும் ஒப்புக்கொண்டு செய்தது இல்லை. நேர்த்திக்கடனில் ‘நேர்த்தி’ விட்டுப்போகிறது. லீவு இரண்டே நாள்தான் என்பவர்கள் கையளவு மதலையை இப்படி வாங்கிக் கோயில் வேளார் கையில் கொடுத்து, அவர் கையால் வைக்கச் சொல்வதைப் பல ஊர்கள் ஏற்கின்றன. பெரிய புரவிக்கு ஏற்பதில்லை, விசாரிக்காமல் இறங்கிவிடாதீர்கள்.

சிமெண்ட் குதிரை விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மண்புரவி ஒருமுறை எடுத்து நிறுத்தினால், வெயிலிலும் மழையிலும் மெல்ல உதிர்ந்து திரும்ப மண்ணாகும். அடுத்த எடுப்புக்கு அடுத்த பிடிமண். வரிசையில் பழையது சாய, புதியது நிற்கும். சிமெண்ட் குதிரை நிற்கும், ஆனால் உள்ளே கம்பி துருவேறி ஊதும்போது கால் பிளக்கும். அப்போது இடிக்கவும் மனம் வராது, ஒட்டவும் முடியாது. அதைவிட, கடன் என்பது முறைதோறும் செய்வது என்றால், ஒரே தடவையில் அடைத்து முடிப்பது எப்படி? கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயிலில் முப்பத்துமூன்று அடி உயரக் குதிரைச் சிலை ஒன்று நிற்கிறது. அசையாத குதிரை என்பதால் சனங்கள் விட்டுவிடவில்லை. மாசிமகத்துக்கு அதன் உயரத்துக்குக் காகிதப்பூ மாலை கட்டிச் சாத்துகிறார்கள், அடுத்த மாசிக்குப் புதிது கட்டுகிறார்கள். குதிரை நிலைத்துவிட்டதால் நேர்த்தி மாலைக்கு மாறிக்கொண்டது. இதைச் சிமெண்டுக்கு ஆதரவாகவும் வாசிக்கலாம், எதிராகவும் வாசிக்கலாம்.

கூலி பேசும்போது மொத்தத் தொகை என்று முடிக்காதீர்கள். உயரம் எங்கிருந்து எங்கே வரை (காதுநுனி வரையா, முதுகு வரையா என்பதில் ஓரடி வித்தியாசம் வரும்), வண்ணம் சேர்த்தா, கண்திறப்புத் தட்சணை தனியா, மூங்கிலும் பிரியும் யார் பொறுப்பு, சூளையில் வெடித்தால் மறு புரவிக்கு யார் செலவு என்று ஐந்தையும் பிடிமண் நாளிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். கடைசியைப் பேசாமல் விட்டுத்தான் மனத்தாங்கல் வருகிறது. அனுபவமுள்ள வேளார் பதினாறு புரவிக்குப் பிடிமண் வாங்கினால் பதினெட்டு செய்வார். மிஞ்சும் இரண்டையும் கணக்கில் சேர்த்துக் கூலி கேட்டால் பேரம் பேசவேண்டாம். சூளை பிரிக்கும் காலையில் அந்த இரண்டில் ஒன்று உங்களுடையதாக இருக்கலாம்.